கெடுதல் என்றால் ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறேன்?

ஜிம்மில் என்னோடு பயிற்சி செய்யும் தம்பி ஒருவன் கேட்ட கேள்வி இது. வம்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டான். தசை பெருக வாரத்துக்கு இரண்டு ஊசி, காலையில் மாத்திரை என்று சில மாதங்களாக ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தான். தோள் விரிந்திருந்தது. பெஞ்ச் பிரஸ்ஸில் எடை ஏறிக்கொண்டே போனது. மனத்தில் ஒரு தெம்பு இருக்கிறது, யாரைப் பார்த்தாலும் தயக்கம் வருவதில்லை என்றான். முதுகு முழுக்கப் பரு வந்திருந்ததைத் தவிர அவனுக்குக் குறையென்று சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டீராய்டு எடுத்தால் கல்லீரல் கெட்டுவிடும், இதயம் நின்றுவிடும், ஆண்மை போய்விடும் என்று ஆளாளுக்குச் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். அவனிடம் எதுவும் போகவில்லை. எல்லாம் கூடித்தான் இருந்தது. அப்படியிருக்க, எச்சரித்தவர்களை அவன் ஏன் நம்ப வேண்டும்?

அன்று ஏதோ பதில் சொல்லி அனுப்பினேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. இந்த விஷயத்தில் உரக்கப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியை ஒரு முட்டாளின் கேள்வியாக நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ, அதற்கு ஒழுங்கான பதில் சொல்லாமல் வேறெதைச் சொன்னாலும் அவன் காதில் ஏறாது என்று தோன்றியது. (ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்திலும் மூட்டு அழற்சிக்குத் தரும் மாத்திரையிலும் இருக்கிற ஸ்டீராய்டு வேறு வகை. இங்கே நான் பேசுவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனையும் அதன் வழிவந்த மருந்துகளையும் பற்றி. இதைப் படித்துவிட்டு யாரும் இன்ஹேலரைத் தூக்கிப் போட வேண்டாம்.)

வேலை செய்யாது என்று சொன்னவர்கள்

டெஸ்டோஸ்டிரோனை 1935-இல் ஆய்வகத்திலேயே உருவாக்கிவிட்டார்கள். அதில் பங்குள்ள பியூட்டனான்ட், ருஸிச்கா இருவருக்கும் 1939-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1958-இல் டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஜான் ஸீக்லர் என்ற மருத்துவர் அதைப் பளுதூக்கும் வீரர்களுக்குக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார். வீரர்கள் அவருக்குத் தெரியாமல் பல மடங்காக விழுங்கத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் ஏன் இதில் இறங்கினோம் என்று அவர் வருந்தினார். நாளைக்கு ஒன்று என்று சொன்னால் மூன்று போட்டுக்கொள்ளும் வழக்கம் அன்றே தொடங்கியதுதான்.

என் கவனத்தை இழுத்தது அதற்குப் பிறகு நடந்தது. 1977-இல் 'அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி' என்ற சங்கம், இந்த மருந்துகள் தசையையோ பலத்தையோ பெருக்குவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்ற பொருளில் ஒரு நிலைப்பாட்டை வெளியிட்டது. அதை வாசித்த ஜிம்காரர்கள் சிரித்திருப்பார்கள். பக்கத்தில் நிற்பவனின் கை மாதத்துக்கு மாதம் பருப்பதைக் கண்ணால் பார்க்கிறவனிடம் 'அது வேலை செய்யாது' என்று சொன்னால், 'அது ஆபத்து' என்று சொல்கிற அடுத்த வரியையும் அவன் நம்பமாட்டான். 1984-இல் அந்தச் சங்கம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. அதற்குள் போன நம்பிக்கை போனதுதான். மருத்துவரிடம் போகாமல் ஜிம் மூலையில் நிற்கும் கோச்சிடம் போகிற பழக்கத்துக்கு அந்த ஏழு ஆண்டுகளுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

நம்பிக்கைக்கும் ஒரு பலம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1972-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பளுதூக்குபவர்களிடம் டயனபால் என்று சொல்லி மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். தூக்கும் எடை கிடுகிடுவென்று ஏறியது. அப்படியானால் எல்லாமே மனப்பிரமைதானா என்றால், இல்லை. 1996-இல் பாசின் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், பத்து வாரம். ஊசி போட்டுக்கொண்டு எடைப் பயிற்சியும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை சுமார் 6 கிலோ கூடியது. வெறும் எண்ணெய் ஊசியோடு பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 2 கிலோ. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்குச் சுமார் 3 கிலோ. சும்மா இருந்தவன் உழைத்தவனை முந்திவிட்டான். நாள் தவறாமல் வியர்வை சிந்தும் இருபத்து நான்கு வயதுப் பையனிடம் இதைச் சொல்லிவிட்டு, பிறகு 'ஆனாலும் வேண்டாம்' என்று சொல்ல ஒரு தெம்பு வேண்டும். ஆனால் அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

ஒரே தாளில் இரண்டு எண்கள்

ஒரு காலத்தில் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் ஜிம்மில் யாருக்கு அறிக்கை வந்தாலும் என்னிடம் நீட்டுவார்கள். அந்தத் தம்பியும் ஒரு நாள் நீட்டினான். சைக்கிள் (மருந்து எடுக்கும் ஒரு சுற்றுக்கு ஜிம்மில் அதுதான் பெயர்) முடியப்போகிறது, கோச் எடுக்கச் சொன்னார் என்றான். டெஸ்டோஸ்டிரோன் இருந்த வரியைச் சுட்டிக்காட்டும்போது முகத்தில் பெருமை. 1500-க்கு மேல் என்று அச்சாகியிருந்தது. அதற்கு மேல் அந்தக் கருவி அளக்காது. ஆண்களுக்கு ஏறக்குறைய 300 முதல் 1000 வரை இருப்பது வழக்கம்.

நான் மற்ற வரிகளைப் பார்த்தேன். எச்டிஎல் எனப்படும் நல்ல கொழுப்பு 17. நாற்பதுக்குக் கீழே போனாலே மருத்துவர்கள் முகம் சுளிப்பார்கள். ஹெமட்டோக்ரிட் 56. நாங்கள் ஆய்வகத்தில் இதை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றிச் சுழலவிட்டு அளந்திருக்கிறோம். சுழற்சி நின்றதும் சிவப்பணுக்கள் ஒரு பக்கம் அடைந்து, தெளிந்த மஞ்சள் நீர் மறுபக்கம் நிற்கும். ஆரோக்கியமான ஆணின் குழாயில் சிவப்பு பாதியைத் தாண்டுவது அபூர்வம். 56 என்றால் பாதியைத் தாண்டி மேலேறி நிற்கிற சிவப்பு. அந்த ரத்தம் கெட்டியானது. அதை உடல் முழுக்கத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும், உறைந்து அடைத்துக்கொள்ளும் வாய்ப்பும் கூடுதல். இவை இரண்டையும் விளக்கினேன். தலையாட்டினான். கேட்டதாகத் தெரியவில்லை.

அவனை நிறுத்தியது கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரி. எல்எச், 0.1-க்குக் கீழே. இது என்ன அண்ணா என்றான். மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவு என்றேன். அது போனால்தான் விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். தொட்டி நிரம்பியதும் மிதவை மேலேறிக் குழாயை அடைப்பதைப் போல, வெளியிலிருந்து கொட்டுகிற ஹார்மோன் ரத்தத்தில் நிறைந்ததும் உத்தரவு நின்றுவிடும். உத்தரவு நின்றால் விரைகள் வேலையை நிறுத்தும், சுருங்கும், விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்து 1990-இல் முடிவுகளை வெளியிட்டது. பெரும்பாலோருக்கு விந்தணு முற்றிலும் நின்றுபோனது. அவன் போட்டுக்கொண்டிருந்தது அதைவிட அதிகம்.

தாளை என்னிடமிருந்து வாங்கி, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்படியானால் இந்த 1500-இல் என்னுடையது எவ்வளவு அண்ணா?" என்றான். கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றேன். அதற்குப் பிறகு அன்று அவன் பயிற்சி செய்யவில்லை.

இதயம் நின்றுவிடும் என்பது அவனைத் தொடவில்லை. அது எப்போதோ யாருக்கோ நடப்பது. தன் உடம்பு ஒரு வேலையை இப்போதே விட்டுவிட்டது, தனக்கு அது தெரியவேயில்லை என்பதுதான் உறைத்தது.

விடும்போது வருவது

அவனுடைய கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்ததும் அங்கேதான். மருந்து உடம்பில் இருக்கும் வரை நன்றாகத்தான் இருக்கும். அது பொய்யில்லை. ஊசி நின்ற சில வாரங்களில் வெளியிலிருந்து வந்த ஹார்மோன் வடிந்துவிடும். உள்ளே சுரப்பு இன்னும் தொடங்கியிருக்காது. நடுவில் ஒரு பள்ளம். தூக்கம் கெடும், எதிலும் நாட்டம் இருக்காது, தாம்பத்திய ஆசை மறையும், சிலருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை மனச்சோர்வு போகும். கண்ணாடியில் தசை நாளுக்கு நாள் வற்றுவது தெரியும். ஆக, உடம்பு கெட்டுக்கொண்டிருக்கிற காலத்தில் மனிதன் ராஜாவைப் போல உணர்கிறான். உடம்பு தேறத் தொடங்குகிற காலத்தில் நோயாளியைப் போல உணர்கிறான். தன் உணர்வை நம்பி முடிவெடுக்கிற எவனும் மறுபடி ஊசியைத்தான் தேடுவான். அதில் அவன் புத்திக்குறைவு ஒன்றும் இல்லை.

பெரும்பாலோருக்குச் சில மாதங்களிலோ ஓராண்டிலோ சுரப்பு திரும்பிவிடுகிறது. எல்லோருக்கும் அல்ல. டென்மார்க்கில் 2016-இல் வெளிவந்த ஆய்வில், நிறுத்திச் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேலான பின்னும் முன்னாள் பயனாளர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் டெஸ்டோஸ்டிரோன் குறைவாகவே இருந்தது. எடுப்பவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் விட முடியாத நிலைக்குப் போகிறார்கள் என்பது இத்துறையில் நெடுநாள் ஆய்வு செய்த மனநல மருத்துவர்களின் கணிப்பு. இதற்கு ஜிம்மில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சைக்கிள் முடிந்ததும் நிறுத்தாமல், அளவை மட்டும் குறைத்துக்கொண்டு அடுத்த சைக்கிள் வரை ஓட்டுவது. பள்ளமே வராது. அதாவது உடம்புக்கு ஓய்வே வராது. முதல் ஊசி போடும்போது 'ஒரே ஒரு சைக்கிள்தான்' என்று சொல்லாதவனை நான் பார்த்ததில்லை. அளவைக் குறைத்து ஓட்டும் முறை, அந்த ஒரு சைக்கிளைப் பத்து ஆண்டுகளாக நீட்டிக்கொடுக்கிறது.

உடம்பு எவ்வளவு பருத்தாலும் போதாது என்று தோன்றுகிற மனநிலையும் இதோடு சேர்ந்துகொள்ளும். கைகள் சட்டையைக் கிழிக்கிற அளவுக்கு இருப்பவன், ஒல்லியாகத் தெரிகிறேன் என்று வெயிலிலும் முழுக்கை மேலாடை போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அவனிடம் கல்லீரலைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

வலிக்காத இடங்கள்

இதயத்துக்கு வருகிறேன். எச்டிஎல் குறைந்தால் வலிக்காது. தமனிச் சுவரில் கொழுப்பு படிந்தால் வலிக்காது, அடைக்கிற நாள் வரை. இதயத் தசையும் தடிக்கிறது. தடித்தால் பலம் கூடும் என்று தோன்றும். உண்மையில் அது விறைத்துப்போய்ச் சரியாகத் தளர்வதும் இல்லை, சரியாகச் சுருங்குவதும் இல்லை. 2017-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில் எடைப் பயிற்சி செய்யும் 140 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். 86 பேர் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், 54 பேர் எடுக்காதவர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று அளந்தார்கள். எடுக்காதவர்களுக்கு 63, எடுத்தவர்களுக்கு 52. அளந்த சமயத்தில் மருந்தில் இருந்தவர்களுக்கு 49, விட்டிருந்தவர்களுக்கு 58. விட்டால் ஓரளவு தேறுகிறது என்பது இதில் நல்ல செய்தி. தமனியில் படிந்தது அப்படியல்ல. எத்தனை ஆண்டு எடுத்தார்களோ அதற்கேற்பக் கூடியிருந்தது.

டென்மார்க்கில் ஜிம் உறுப்பினர்களையும் ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு உட்படுத்தும் ஏற்பாடு உண்டு. அதில் 2006 முதல் 2018 வரை சிக்கிய 1189 ஆண்களை, அதே வயதுள்ள 59,450 பொது ஆண்களோடு ஒப்பிட்டார்கள். இறப்பு கிட்டத்தட்ட 2.8 மடங்கு. மாரடைப்பு மூன்று மடங்கு. இதயத் தசை நோய் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இவர்களில் சிலர் வேறு போதைப்பொருளும் எடுத்திருக்கலாம், வாழ்க்கை முறையும் வேறாக இருந்திருக்கலாம். எல்லாப் பழியையும் ஊசியின் மேல் போட முடியாது. ஆனால் ஒன்பது மடங்கை வாழ்க்கை முறையால் மட்டும் விளக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மேடை ஏறுகிறவர்களின் கதை இன்னும் மோசம். 2025-இல் ஐரோப்பிய இதய மருத்துவ இதழில் வந்த ஆய்வு, போட்டிகளில் பங்கேற்ற 20,000-க்கும் மேற்பட்ட ஆண் பாடிபில்டர்களைப் பின்தொடர்ந்தது. இறந்த 121 பேரின் சராசரி வயது 45. அவற்றில் 38 சதவீதம் திடீர் இதய மரணம். தொழில்முறைப் போட்டியாளர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். போட்டிக்கு முந்தைய நாட்களில் தோல் காகிதம்போல் ஒட்ட வேண்டும் என்று நீரை வற்றவைக்கிறார்கள். சிறுநீர் மாத்திரை பொட்டாசியத்தைக் குலைக்கிறது. ஏற்கெனவே தடித்த இதயம் அந்தக் குலைவைத் தாங்குவதில்லை. ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் மியூன்ஸர் 1996-இல் இறந்தபோது வயது 31. தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத உடம்புக்குப் பெயர்போனவர் அவர்.

பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் கணக்கே வேறு. பெண்ணின் குரல் ஒருமுறை தடித்தால் மருந்தை விட்டாலும் திரும்புவதில்லை. பதின்ம வயதில் எடுத்தால் எலும்பின் நுனிகள் முன்கூட்டியே மூடிக்கொண்டு உயரம் அங்கேயே நின்றுவிடும்.

கோச்சின் அரை உண்மைகள்

நியாயமாகச் சொன்னால், கோச்சுக்குத் தெரிந்த சில விஷயங்கள் பல மருத்துவர்களுக்குத் தெரியாது. கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கிறதே என்று நான் காட்டியபோது, கனமான பயிற்சி செய்தால் தசையிலிருந்தும் அவை வரும் என்று அவர் அனுப்பிய குறுஞ்செய்தியைத் தம்பி காட்டினான். உண்மைதான். கிரியாட்டினின் கூடுதல் என்றால், தசை அதிகம் உள்ளவனுக்கு அது கூடத்தான் செய்யும் என்றார். அதுவும் உண்மை. ஆனால் தசையிலிருந்தா கல்லீரலிலிருந்தா என்று பிரித்துக்காட்ட ஜிஜிடி என்ற பரிசோதனை இருக்கிறது; சிறுநீரகத்துக்கு சிஸ்டாட்டின்-சி இருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கலாம். அந்தப் பாதியை அவர் சொல்லவில்லை. ஊசியாக ஏறுவதைவிட மாத்திரையாக விழுங்குவது கல்லீரலுக்குக் கொடுமை, ஏனென்றால் கல்லீரல் சிதைக்க முடியாதபடி அந்த மூலக்கூறையே மாற்றிச் செய்திருக்கிறார்கள், அதையும் சொல்லவில்லை.

மார்பு வீங்கினால் அவரிடம் ஒரு மாத்திரை உண்டு. கூடுதல் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு உடம்பிலேயே ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் வரும் வீக்கம் அது. அந்த மாற்றத்தைத் தடுக்கும் மாத்திரையை அளவுக்கு மீறி எடுத்தால் மூட்டு வலிக்கும், எலும்பு மெலியும். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, சுரப்பைத் தட்டி எழுப்ப ஒன்று. ஒரு மருந்தின் விளைவைத் தடுக்க இன்னொரு மருந்து, அதற்கும் ஒன்று. குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் சரக்கும் ஒன்றுதான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை; கள்ளச் சந்தையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து யாரிடம் கேட்பது?

தம்பியை நான் அழைத்துப் போன மருத்துவர், நான் பயந்ததுபோல் உபதேசம் எதையும் தொடங்கவில்லை. என்னென்ன மருந்து, எவ்வளவு, எத்தனை வாரம், யார் ஊசி போட்டார்கள், ஊசியைப் பகிர்ந்துகொண்டதுண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசிக் கேள்விக்கு அவன் உண்டு என்றதும் மஞ்சள்காமாலை, எச்ஐவி பரிசோதனைகளையும் சேர்த்தார். நிறுத்து, ஆனால் அடுத்த சில மாதம் மனம் இருண்டுபோகும், அது மருந்து வடிவதால் வருவது, உன் குணம் அல்ல, வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவை என்றார். அவன் தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். இதுவரை அவனிடம் யாரும் 'இது வேலை செய்யும், ஆனால் விடும்போது இப்படி இருக்கும்' என்று முன்கூட்டிச் சொன்னதேயில்லை. மூளையைச் சிதைக்கும், உடனே சாவாய் என்ற படங்களைத்தான் அனுப்பியிருந்தார்கள்.

இப்போது அவன் எல்எச் மெல்ல ஏறுகிறது. எச்டிஎல் 36-க்கு வந்திருக்கிறது. பெஞ்ச் பிரஸ்ஸில் எடை இறங்கிவிட்டது. ஏன் இப்படி இளைத்துப் போனாய் என்று கேட்கிறவர்கள் மீது எரிந்து விழுகிறான், சில நாள் என் மீதும். கோச் கோபப்படவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் சிக்கல். தான் போட்டுக்கொள்வதைத்தான் பையன்களுக்கும் கொடுக்கிறார். போன வாரம் அவரிடமே கேட்டேன், நீங்கள் எப்போதாவது இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா என்று. எதற்கு சார், எனக்கு ஒன்றும் இல்லையே என்றார். பிறகு, தானாகவே, மாடிப்படி ஏறினால் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, எடை கூடியதால் இருக்கும் என்றார். எடை கூடியதால் இல்லாமலும் இருக்கலாம், நாளையே எடுத்துவிடுங்கள் என்றேன். போட்டி முடியட்டும் என்றார்.